நியூயார்க்கில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான சார்ட்டர் பள்ளி: சில வருட அனுபவம்

பையன் ஐந்து வயதில் சேர்ந்தான், இப்போது பன்னிரண்டு. விசாரிக்கிற பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்பது "இடம் கிடைக்குமா?" என்றுதான். கஷ்டம். சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துவது, ஃபீஸ் கிடையாது, சிபாரிசும் செல்லாது, ஏப்ரலில் குலுக்கல் போடுவார்கள். நியூயார்க் மாநிலத்தில் சார்ட்டர் சட்டம் வந்தது 1998இல், ஆட்டிசத்துக்கென்றே முதல் சார்ட்டர் பள்ளி ஈஸ்ட் ஹார்லெமில் திறந்தது 2005இல். தனியார் ஆட்டிசப் பள்ளி என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், அதைக் கட்டிவிட்டு வக்கீல் வைத்து நகரக் கல்வித் துறையிடம் திரும்பக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நமக்கு அந்தத் தெம்பு இல்லை.

எங்கள் பள்ளி ரொம்பச் சின்னது. மைதானம் கிடையாது, பக்கத்துப் பூங்காதான். பாடம் முழுக்க ஏபிஏ முறை, அதாவது எந்தத் திறமையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் செய்யச் செய்ய டோக்கன் கொடுத்து, எத்தனை முறை தானாகச் செய்தான் என்று தினமும் குறித்து வைப்பது. முடிவெட்டு ஒரு உதாரணம். கடைக்குக் கூட்டிப்போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். பள்ளியில் நாற்காலியில் உட்கார்வது, துணி போர்த்துவது, மெஷின் சத்தத்தைத் தூரத்தில் கேட்பது, அப்புறம் காதருகில் கேட்பது என்று மாதக்கணக்கில் பழக்கினார்கள். இப்போது சலூனில் உட்காருகிறான், முகத்தைச் சுளிப்பான், அவ்வளவுதான். கணக்கு, ஆங்கிலமெல்லாம் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் கடையில் வரிசையில் நின்று காசு கொடுத்துச் சில்லறை வாங்க வருகிறதே, எனக்கு அது போதும்.

ஏபிஏ மேல் வளர்ந்த ஆட்டிசக்காரர்களே கடுமையாக விமர்சனம் வைக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1960களில் லோவாஸ் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இதைத் தொடங்கியபோது தண்டனையும் மின் அதிர்ச்சியும்கூட இருந்தன. அதனால் சேர்க்கும் முன்பே கேளுங்கள்: பிள்ளை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளக் கையை உதறினால் தடுப்பீர்களா, "வேண்டாம்" என்று சைகை காட்டினால் நிறுத்துவீர்களா? இங்கே கையை உதற விடுகிறார்கள். ஐபேடில் படம் தொட்டுப் பேசும் ஆப்பில் என் மனைவி குரலில் தயிர் சாதம், தோசை என்று பட்டன் வைக்கவும் டீச்சரே உதவினார்.

குறை இல்லாமல் இல்லை. டீச்சர்கள் நிற்பதில்லை, நன்றாகப் பழகிய ஒருவர் மேற்படிப்புக்குப் போனதும் பையன் பல வாரம் பின்னால் போய்விட்டான், திரும்ப முதலிலிருந்து. எல்லாப் பிள்ளைகளும் ஆட்டிசப் பிள்ளைகளே என்பதால் மற்ற பிள்ளைகளோடு விளையாட வாய்ப்பு குறைவு. உங்கள் பிள்ளை நன்றாகப் பேசுகிறது, வகுப்பறைச் சத்தத்தைத் தாங்குகிறது என்றால், பொதுப் பள்ளியில் துணை ஆசிரியரோடு படிக்க வைப்பதையே முதலில் பாருங்கள், இது உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, பள்ளிச் சேவை 21, 22 வயதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் உதவி வேண்டுமானால் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான மாநில அலுவலகத்தில் தகுதி வாங்கியிருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கைகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள், அங்கே அதைத்தான் கேட்பார்கள்.