கபினைப் பார்த்து மயங்கி பதினொன்றரை இலட்சம் போன கதை

பதினொன்றரை இலட்சம் ரூபா கொடுத்து ஒரு பழைய கபின் போட் வாங்கினேன். அதில் இதுவரை மூன்று இரவுதான் கடலில் தங்கியிருக்கிறேன். மூன்றாவது இரவு விடிந்தபோது இன்னொருவருடைய பைபர் போட் எங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வாடைக்காற்று முடிந்து கடல் அமரும் நேரத்தில் திருகோணமலையில் இப்படிப் பழைய போட் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயர் தேவையில்லை, இதே வித்தை தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

நான் தொழில்காரன் இல்லை. டவுனில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளி இரவு, இல்லையென்றால் போயா (பௌர்ணமி) லீவுக்கு முதல் இரவு, மச்சானோடு தூண்டிலுக்குப் போவேன். கூட்டாளி ஒருவரின் பத்தொன்பது அடி பைபர் போட்தான் எங்களுக்கு இரவல். இரவு முழுக்கப் பலகையில் குந்தியிருந்து, விடியப்புறம் பனியில் நனைந்து வந்தால் மச்சானுக்கு இரண்டு நாளைக்கு நாரி நிமிராது. ஆளுக்கு ஒரு மணித்தியாலம் கால் நீட்டிப் படுக்க ஒரு கபின் இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் ஆசை. பேராசை என்று சொல்ல முடியாது.

தரகர் காட்டியது 28 அடி போட். நம் கரையில் மூன்றரைத் தொன் போட் என்று சொல்வோமே, டீசல் எஞ்சின் உள்ளே பூட்டியது, அந்த வகை. 1960களில் மரத்தில் ஓடி, பிறகு பைபருக்கு மாறிய ஒருநாள் தொழில் போட். உட்துறைமுகக் கரையோரம் ஒரு வேம்புக்குக் கீழே கட்டியிருந்தார்கள். புது நீலப் பெயின்ட், மணம் கூடப் போகவில்லை. விற்றவர் சொன்ன முதல் வசனமே இதுதான்: "அண்ணன், இது சுனாமிக்கு முந்தின வேலை. தடிப்பைப் பாருங்க. இப்ப வாறதெல்லாம் பேப்பர்."

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கென்று அவசரமாகக் கட்டிக் கொடுத்த போட்டுகளில் தரமில்லாதவை பல இருந்தன என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்த உண்மைக்குப் பக்கத்தில் தன் பொய்யைக் கொண்டுவந்து வைத்தார். நானும் தலையாட்டினேன்.

கபினுக்குள் போனேன். அங்கேதான் விழுந்தேன். புது மெத்தை இரண்டு, நீல எல்.ஈ.டி. பல்பு, சின்ன மின்விசிறி, மீன் கூட்டத்தைக் காட்டுகிற கருவி ஒன்று, தரையில் மரம் மாதிரி பிளாஸ்டிக் விரிப்பு. மச்சான் மெத்தையில் படுத்தே பார்த்தார், எழும்ப மனமில்லை. அந்த விரிப்பு தரையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. போட்டில் தரைப்பலகையை ஏன் ஒட்ட வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதைக் கழற்றினால்தான் அடியில் தண்ணீர் தேங்குகிறதா, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் கட்டைகள் எப்படியிருக்கின்றன என்று பார்க்கலாம். ஒட்டிவிட்டால் பார்க்க முடியாது. ஒட்டியதே அதற்காகத்தான்.

காலை ஒன்பது மணிக்குப் போயிருந்தோம். எஞ்சினில் கை வைத்தபோது இளஞ்சூடு. "பற்றரி சார்ஜ் பண்ண இப்பதான் கொஞ்சம் ஓட்டினனான்" என்றார். ஒரே தட்டில் ஸ்டார்ட் வந்தது, புகையும் பெரிதாக இல்லை. தேய்ந்த டீசல் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் தன் வயதைச் சொல்லும். பல தடவை சுற்றித்தான் பிடிக்கும், வெள்ளைப் புகை கக்கும். சூடாக்கி வைத்திருந்தால் அதுவும் நல்ல பிள்ளை. இப்போது யாராவது என்னைப் போட் பார்க்கக் கூப்பிட்டால், சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போய் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

எனக்குத் தெரியாத வேலை என்பதால் தெரிந்த ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் அந்த ஆளையும் தரகரே கூட்டி வந்தார். எஞ்சின் பாஸ் (மெக்கானிக்) ஒருவர், ஐயாயிரம் கூலி, என் காசு. போட்டின் வெளிப்பக்கத்தில் சுத்தியல் பிடியால் தட்டினார், டக் டக் என்று கேட்டது. "இரும்பு மாதிரி இருக்கு" என்றார். வெளிச்சுவர் தனி பைபர், அது எப்போதும் அப்படித்தான் கேட்கும். மரத்தை உள்ளே வைத்துப் பைபர் போர்த்திய இடங்கள்தான் உக்கும்: எஞ்சின் கட்டை, பின்பலகை, மேல்தட்டு. அங்கே அவர் தட்டவேயில்லை. போட்டுக்கு நீலம் அடித்ததும் அதே பாஸ்தான் என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத் தெரிய வந்தது. விற்றவர் மேல் உள்ளதைவிட இவர் மேல்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் கூட. விற்கிறவன் தன் பொருளைப் புகழத்தான் செய்வான். இவர் என்னிடம் கூலி வாங்கினார்.

ஓட்டிப் பார்த்தது உட்துறைமுகத்துக்குள், கண்ணாடி மாதிரித் தண்ணீரில், இருபது நிமிடம், பாதி வேகம். அதில் எந்தப் போட்டும் நன்றாகத்தான் ஓடும்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதிவு வேறு மாவட்டத்தில், வேறொருவர் பெயரில் இருந்தது. "அதை நான் மாத்தித் தாறன்" என்ற சொல்லை நம்பி முழுக் காசையும் கொடுத்தேன். பிறகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்குப் போனபோது, பத்திரத்தில் இருந்த எஞ்சின் இலக்கம் ஒன்று, எஞ்சினில் வெட்டியிருந்த இலக்கம் இன்னொன்று. அந்த எண்ணைப் பார்க்க ஒரு டோர்ச்சும் பழைய துணியும் போதும், நான் பார்க்கவில்லை.

முதல் இரவு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே நின்றோம். விளைமீன் ஏழெட்டு, ஒரு கலவாய். மச்சான் மெத்தையில் ராசா மாதிரித் தூங்கினார். ஒரே குறை, சின்ன அலைக்கும் போட் அளவுக்கு மீறி உருண்டது. பழைய சின்னக் கபினை வெட்டி எடுத்துவிட்டு, அதைவிட உயரமாகப் பிளைவுட்டில் புதிது அடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. மேலே பாரம் ஏறினால் போட் உருளத்தான் செய்யும்.

இரண்டாவது இரவு மச்சானின் மகனும் வந்தான், பதினாறு வயது. பற்றரி இறங்குகிறது என்று எஞ்சினை ஓடவிட்டபடி அவனைக் கபினுக்குள் படுக்கவிட்டோம். அரை மணியில் தலையிடி, சத்தி என்று வெளியே வந்தான். கடல் சுகமில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தோம். உண்மையில், மெத்தைக்குப் பின்னால் புகைக்குழாயின் முழங்கை உப்பில் அரித்து ஓட்டையாகி, அதில் துணி சுற்றி ரெசின் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சும் வெடித்திருந்தது. புகையில் இருக்கும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. மூடிய கபினில் தூங்குகிற ஆளை அது எழுப்பாது. காசு போனதை ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். அந்த அரை மணியை நினைத்தால்தான் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மூன்றாவது இரவு ஆனி மாதம், பவுல் பொயின்ற் முனையைத் தாண்டிக் குடாவுக்கு வெளியே. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் நம் பக்கத்தில் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அதனால் கரையோரம் கடல் தட்டையாகத் தெரியும், ஆட்களை ஏமாற்றும். எஞ்சின் நின்றால் அதே காற்றுத்தான் வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

ஒன்றரை மணிபோல் இடம் மாற எஞ்சினைப் போட்டோம். பத்து நிமிடத்தில் மூடியின் இடுக்கால் ஆவி வந்தது. சூடு ஏறினால் கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை, அதன் வயரை யாரோ வெட்டியிருந்தார்கள். எஞ்சினை நிறுத்திய அமைதியில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது, கபினுக்குள். ஒட்டிய தரைக்குக் கீழே எவ்வளவு நேரமாக ஏறியதோ, மெத்தையின் ஓரம் நனைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடித்தண்ணீரை இறைக்கும் பம்மைத் தட்டினால் அசைவில்லை. வீட்டுக்குப் போடும் வயரால் இணைத்திருந்தார்கள், செம்பு பச்சை பூத்து உதிர்ந்து போயிருந்தது. மீன் வெட்டும் கத்தியால் அந்த அழகான விரிப்பைக் கிழித்து, பலகையை நெம்பி எடுத்து, வாளியால் அள்ளினோம்.

நங்கூரத்தை விட்டோம். எண்பது மீற்றர் கயிறும் ஓடி முடிந்தது, தரை தட்டவில்லை. கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வெளியே போகப் போக ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பெருமையோடு படித்த விஷயம். கோணேசர் கோயில் வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது. போனில் சிக்னல் இருந்தது எங்கள் நல்ல காலம். திருக்கடலூர் கூட்டாளி ஒருவர் நித்திரையில் இருந்து எழும்பி, வாய் நிறையத் திட்டிக்கொண்டே வந்து இழுத்தார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கரையேற்றிய பிறகு கிண்ணியாவில் இருந்து போட் கட்டும் முஸ்லிம் நானா ஒருவரைக் கூட்டி வந்தேன், இந்தத் தடவை நானே தேடிப் பிடித்த ஆள். கபினைத் திரும்பியும் பார்க்கவில்லை மனிதர். நேரே எஞ்சினுக்குக் கீழே தலையை விட்டு, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினார். பொத், பொத். நனைந்த சாக்கில் தட்டின மாதிரி. ஒரு துளை போட்டதும் கறுத்த மரத்தூள் ஈரத்தோடு வழிந்தது. "தம்பி, முழுக் கதையும் இங்கதான் இருக்கு" என்றார். கட்டை உக்க எஞ்சின் தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த எஞ்சின், புரொப்பல்லருக்குப் போகும் ஷாஃப்டைக் கோணலாகச் சுற்றியிருக்கிறது. கோணல் ஷாஃப்ட், போட்டின் அடியால் வெளியே போகும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்டைத் தின்றிருக்கிறது. அங்கே சொட்டுச் சொட்டாக வர வேண்டிய தண்ணீர் குழாய் மாதிரி வர, பழைய சாரத் துண்டையும் கிரீஸையும் திணித்து விற்றிருக்கிறார்கள். எஞ்சின் சூடானது வேறு கணக்கு: கடல்தண்ணீர் பம்முக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழில் நான்கு இல்லை. உடைந்த துண்டுகள் குழாய்க்குள் அடைத்துக் கிடந்தன. சில ஆயிரம் ரூபா சாமான்.

விற்றவரிடம் போனேன். "பழைய போட் எண்டா அப்பிடித்தான் அண்ணன். பார்த்துத்தானே வாங்கினீங்க?" எழுத்தில் ஒன்றும் இல்லை, காசு கையில் கொடுத்தது. மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுத்தேன், இரண்டு தவணைக்கும் ஆள் வரவில்லை. கட்டை மாற்றி, கிளாண்ட், குழாய், வயர் எல்லாம் செய்ய நானா சொன்ன கணக்கு ஆறே முக்கால் இலட்சம். மச்சான் பாதி போடுகிறேன் என்கிறார். என் மனைவி, அந்த மெத்தை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாலாவது ஏதோ மிச்சம் என்கிறாள்.

போன ஞாயிறு அந்தக் கரைப் பக்கம் போனேன். அதே வேம்புக்குக் கீழே இன்னொரு 28 அடி நிற்கிறது. இந்தத் தடவை பச்சை நிறம். கபின் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்: புது மெத்தை இரண்டு, தரையில் மரம் மாதிரி விரிப்பு.