நெல் வயல் பன்றி வேட்டைக்கு ரைஃபிள் லைட்: சில சீசன் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே எல் காம்போ ஊர்ப் பக்கமெல்லாம் நெல் பூமி. ஜூலை, ஆகஸ்டில் முதல் அறுவடை. அதே தாளில் மறுதாம்பு வளர்ந்து அக்டோபர் வாக்கில் இரண்டாவது. மறுதாம்பு பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கும். தின்பதைவிட மிதித்தும் கிளறியும் கெடுப்பதுதான் அதிகம், வரப்பை மூக்கால் குடைந்துவிட்டால் விடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். டெக்சாஸ் சட்டப்படி இவை வேட்டை விலங்குக் கணக்கில் வராது. அதனால் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு இரவில் விளக்கு வைத்துச் சுடலாம், 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு வேட்டை உரிமமும் தேவையில்லை. தெரிந்த ஒரு பண்ணைக்குச் சில சீசன்களாகப் போய்வருகிறேன். கையில் ஏஆர்-15 ரைஃபிள், அதன் ரெயிலில் (குழலை ஒட்டி துணைக்கருவிகள் மாட்டுகிற தடம்) ஒரு லைட். எந்த லைட் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், என் அனுபவத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். துப்பாக்கியில் மாட்டிய லைட்டை வைத்துப் பன்றியைத் தேடக் கூடாது. லைட் எங்கே திரும்புகிறதோ அங்கே குழலும் திரும்பும். இருட்டில் அந்தப் பக்கம் நிற்பது பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியாக இருக்கலாம், நாயாக இருக்கலாம், மோட்டார் பார்க்க வந்த ஆளாகவும் இருக்கலாம். தேடுவதற்குத் தலையில் கட்டும் சிவப்பு விளக்கோ கை டார்ச்சோ தனியாக வேண்டும். என்ன நிற்கிறது என்று தெரிந்த பிறகு, அதை உறுதிப்படுத்திக்கொண்டு சுடுகிற அந்தச் சில நொடிக்குத்தான் ரைஃபிள் லைட். இதை ஏற்றுக்கொண்டால் வாங்கும் முடிவும் மாறிவிடும், ஏனென்றால் வயல் முழுக்க வெளிச்சம் பரப்புகிற வேலை இந்த லைட்டுக்கு இல்லை.

கடைக்காரர்கள் லுமென் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். லுமென் என்பது குழாயில் வருகிற மொத்தத் தண்ணீர், கேண்டெலா என்பது குழாய் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சுகிற வேகம். திறந்த வயலில் நமக்கு வேண்டியது இரண்டாவது. கேண்டெலாவைத் தூரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால், அந்த இடத்தில் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று வந்துவிடும். நான் சுடுவது பெரும்பாலும் 100 யார்டுக்குள், அதாவது சுமார் 91 மீட்டர். ஷ்யூர்ஃபயரின் எம்600டிஎஃப் 1500 லுமென், ஆனால் 16,700 கேண்டெலாதான், 100 யார்டில் 2 லக்ஸ். ஸ்ட்ரீம்லைட் ப்ரோடேக் ஹெச்எல்-எக்ஸ் 1000 லுமென், 27,600 கேண்டெலா, அங்கே 3.3 லக்ஸ். மாட்லைட் ஓகேடபிள்யூ வெறும் 680 லுமென், ஆனால் 69,000 கேண்டெலா, 8 லக்ஸுக்கு மேல். இந்த மூன்றில் லுமென் குறையக் குறைய தூரத்து வெளிச்சம் கூடுகிறது பாருங்கள். எம்600டிஎஃப் மோசமான லைட் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக்குள்ளும் புதருக்குள்ளும் அந்தப் பரந்த வெளிச்சம்தான் வேண்டும். வயலுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

அட்டைப் பெட்டியில் '332 மீட்டர்' என்று போட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க டார்ச் தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம்வரை அளந்து சொல்கிற தூரம் அது. 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரியும், பன்றியா கன்றா என்று பிரிக்க முடியாது. என் கண்ணுக்குக் குறைந்தது 3 லக்ஸாவது வேண்டும், இது என் சொந்தக் கணக்கு, உங்கள் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வயதும் வேறாக இருந்தால் மாறலாம்.

பன்றியை அடையாளம் காண்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மாடு, மான், கொயோட்டி (நரி போன்ற ஓநாய் இனம்) இவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் உண்டு, லைட் பட்டதும் கண் பளிச்சென்று எரியும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதனால் கண் மின்னினால் பெரும்பாலும் அது பன்றி இல்லை, விரலை டிரிக்கரில் இருந்து தள்ளியே வைத்திருக்க வேண்டும். ஆனால் கண் மின்னவில்லை என்பதை வைத்துப் பன்றி என்று முடிவுகட்டவும் கூடாது, தலை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். முதுகு வளைவு, வாலின் நிலை, மூக்கு இதெல்லாம் தெரிகிற வரைக்கும் வெளிச்சம் வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு கேண்டெலா.

நான் அதிக காலம் வைத்திருந்தது ப்ரோடேக் ஹெச்எல்-எக்ஸ். இரண்டு சிஆர்123ஏ பேட்டரியில் (சார்ஜ் ஏற்ற முடியாத சிறிய லித்தியம் பேட்டரி) ஓடும். மழை, சேறு, வண்டியின் பின்பக்கத்தில் உருண்டது எல்லாம் பார்த்துவிட்டது, இன்னும் எரிகிறது. 70, 80 யார்டுவரை அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதற்கு அப்பால் போனால் நடுவில் உள்ள வட்டம் மங்கி ஓரத்து வெளிச்சம் அருகிலுள்ள தாளில் பட்டு கண்ணைக் கூசும். அதனால்தான் ஓகேடபிள்யூவுக்கு மாறினேன். வித்தியாசம் முதல் இரவிலேயே தெரிந்தது: வட்டம் சின்னது, ஆனால் 120 யார்டில் பன்றியின் காது தெரிகிறது. பக்கத்தில் வருகிற குட்டிகளைப் பார்க்க அந்தச் சின்ன வட்டம் போதாது, அதற்குத் தலைவிளக்கு இருக்கிறது.

மெக்சிகோ வளைகுடாவில் இருந்து குளிர்காலத்தில் மூடுபனி வரும். இதை யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை. பரந்த வெளிச்சமுள்ள லைட்டைப் பனியில் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும், ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. குறுகிய வட்டம் உள்ளது கொஞ்சம் பரவாயில்லை. லைட்டை ஸ்கோப்புக்கு நேர் முன்னால் வைக்காமல் ரெயிலின் முன் நுனியில் ஒரு பக்கமாகச் சரித்து மாட்டினால் இன்னும் குறையும். அடர்ந்த பனி என்றால் நான் திரும்பிவிடுவேன், எந்த லைட்டும் அங்கே உதவாது. சைலன்சர் போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: லைட் பின்னுக்கு இருந்தால் சைலன்சரின் நிழல் வட்டத்தின் ஒரு பாகத்தைத் தின்றுவிடும். இதற்கும் மருந்து முன்னால் தள்ளுவதுதான்.

முன்னால் தள்ளினால் கரி படியும். குழல் வாயிலிருந்து வருகிற புகையும் பொறியும் கண்ணாடியில் ஒட்டி, ஓரிரு மேகசீன் சுட்டதும் வெளிச்சம் மஞ்சளாக மங்கும். கிளம்பும் முன் கண்ணாடியில் மெல்லிசாக வாசலின் தடவிக்கொள்கிறேன், வந்ததும் துணியால் துடைத்தால் கரி அதோடு வந்துவிடுகிறது. கண்ணாடி சூடாக இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள்.

சுவிட்ச் விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ரெயிலில் ஒட்டுகிற டேப் சுவிட்ச் வசதியானது, கட்டைவிரல் பட்டதும் எரியும், விட்டதும் அணையும். தனியாக வாங்கிய ஒன்று, நல்ல விலை கொடுத்ததுதான், ஒயர் மூடியோடு சேரும் இடத்தில் விட்டுப்போய், பன்றிக் கூட்டம் எதிரில் நிற்கையில் எரியாமல் போனது. அதிலிருந்து பின்மூடியிலும் தனி பட்டன் உள்ள சுவிட்சைத்தான் வைத்திருக்கிறேன், ஒயர் அறுந்தாலும் கையால் அழுத்தலாம். ஒயரைத் தொங்கவிடாமல் ரெயிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், முள்புதரில் மாட்டி இழுக்கும். அப்புறம் வண்டியில் வைக்கும்போது பின்மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். உறைக்குள் தானாக அழுந்தி எரிந்தால் ஆயிரம் லுமென் லைட் துணியைக் கருக்கிவிடும்.

மாட்டுகிற முறை: பழைய ரெயில் என்றால் பிக்காட்டினி, அமெரிக்க ராணுவம் 1995இல் தரப்படுத்தியது, எந்த லைட்டும் பொருந்தும். புதிய துப்பாக்கிகளில் எம்-லாக் துளைகள் இருக்கும், அதற்கு நேரடி மவுண்ட் வாங்கினால் எடையும் உயரமும் குறையும். திருகில் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு, மேலே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்துவிட்டது என்று பார்த்ததும் தெரியும்.

பேட்டரியில், 18650 ரீசார்ஜ் பேட்டரிதான் எனக்கு. அடிக்கடி போகிறவருக்குச் செலவு மிச்சம். வருடத்தில் எப்போதாவது எடுக்கிறவருக்கு சிஆர்123ஏ நல்லது, அலமாரியில் பத்து வருடம் கிடந்தாலும் கெடாது. ஆனால் புதியதையும் பாதி தீர்ந்ததையும் ஒரே லைட்டில் ஜோடி சேர்க்கக் கூடாது, சூடேறி வெடிக்கிற ஆபத்து நிஜமானது. பெரிய வெளிச்ச லைட்டுகள் சில நிமிடத்தில் சூட்டால் தானாகவே மங்கும். நாம் நொடிக்கணக்கில்தான் எரிக்கிறோம் என்பதால் வயலில் இது ஒரு பொருட்டே இல்லை.

வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வைத்திருக்கிற நண்பர்கள் லைட்டே வேண்டாம் என்பார்கள். தேடுவதற்கு அதற்கு இணை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெர்மலில் நிறம் தெரியாது. வெள்ளை முகக் கன்றும் கறுப்புப் பன்றியும் அதில் வெறும் சூட்டு உருவங்கள்தான். விலையும் ஆயிரக்கணக்கான டாலர்.

முதல் லைட் வாங்குகிறவர், 80 யார்டுக்குள் சுடுபவர் என்றால் ஹெச்எல்-எக்ஸ் போதும், 150 டாலரை ஒட்டி கிடைக்கும். திறந்த வயலும் நீண்ட தூரமும் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து ஓகேடபிள்யூ மாதிரி ஒன்றுக்குப் போங்கள். இரண்டில் எது வாங்கினாலும் நல்ல தலைவிளக்குக்கு 50 டாலர் ஒதுக்கிவிடுங்கள். கிளம்பும் முன் பண்ணைக்காரரிடம் அன்றிரவு மாடுகள் எந்தப் பக்கம் கட்டியிருக்கின்றன, யார் மோட்டார் போடப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பகுதி வனக் காவலருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.