காரைக்குடிக் கண்டாங்கிக் கடையில் கார்டு மெஷின்: கமிஷன் எங்கே போகிறது?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கார்டு மெஷின் வந்து பல வருஷமாகிறது. "எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்கிற கடைக்காரர்களிடம், எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மெஷின் கொடுக்க வருகிறவர் சொல்லும் ஒற்றைச் சதவீதத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் எந்த கார்டை நீட்டுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பிடித்தம்.

10,000 ரூபாய்க்குச் சேலை, 5% ஜிஎஸ்டி சேர்த்து 10,500 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபே டெபிட் கார்டு என்றால் முழுத் தொகையும் கணக்குக்கு வந்துவிடும். 2020 ஜனவரி முதல் அதற்குக் கமிஷன் கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கி 2018-இல் வைத்த உச்சவரம்பு இருக்கிறது. முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத கடைக்கு 0.40%, தாண்டினால் 0.90%. உங்களுடையது சின்னக் கடை என்றால் அதை வங்கிக்கு எழுதிக் கொடுத்து, குறைந்த விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டுக்கு அந்த மாதிரி வரம்பு இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பதுதான். எனக்கு 1.8%. அதே பில்லுக்கு 189 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 34.02, ஆக 223.02 ரூபாய் போகும். சேலை விலைக்கு மட்டுமல்ல, அரசுக்குக் கட்ட வேண்டிய 500 ரூபாய்க்கும் சேர்த்துத்தான் கமிஷன் பிடிக்கிறார்கள். கைத்தறியில் நிற்கிற லாபத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

எங்கள் பக்கத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது வெளிநாட்டு கார்டு. கல்யாணத்துக்கு மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுகளும், ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளும் பெரும்பாலும் அதைத்தான் நீட்டுவார்கள். எனக்கு அதற்கு 3%. ஜிஎஸ்டியோடு 371.70 ரூபாய். விற்பனை நன்றாக நடக்கும் மாதத்தில்தான் கமிஷனும் எகிறும். கியூஆரில் வந்தால் எல்லாம் இலவசம் என்றும் நினைக்காதீர்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துப் பணம் அனுப்புகிறார்கள். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரைதான் அது இலவசம்.

இந்தக் கமிஷன் முழுவதும் மெஷின் கொடுத்த வங்கிக்குப் போவதில்லை. பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு, கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கு, மிச்சம்தான் மெஷின்காரருக்கு. பேரம் பேசினால் குறைவது அந்த மிச்சத்தில் மட்டும்தான். அதனால் பேரத்தை வாடகையிலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் மெஷின் தந்த வங்கி, மாத வாடகை போக, முகூர்த்தமில்லாத ஆடியில் விற்பனை குறைந்ததற்கும் தனிக் கட்டணம் பிடித்தது. மெஷின் தந்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் வேறு வங்கிக்கு மாறினேன், இன்று வரை நிம்மதி.

உங்கள் ஜிஎஸ்டி எண்ணை வங்கியில் கட்டாயம் பதிந்துவிடுங்கள். கமிஷன்மேல் பிடித்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, முழுவதும் செலவுதான்.

"கார்டு என்றால் 2% கூடுதல்" என்று சில கடைகளில் வாங்குகிறார்கள். டெபிட் கார்டுக் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்ட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. நான் எந்த கார்டுக்கும் கேட்பதில்லை. இரண்டு சேலை எடுக்க வந்து நான்கு எடுத்துப் போகிறவர்கள் கார்டு வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் முகம் சுளித்துப் போவதை நான் விரும்பவில்லை.

அப்புறம், சேலையைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள். அன்றைய கணக்கை மெஷினில் முடிப்பதற்கு முன்னால் வந்தால் 'வாய்டு' போட்டு ரத்து செய்துவிடுகிறேன், கமிஷன் போவதில்லை. மறுநாள் வந்தால் பணத்தைத் திருப்ப வேண்டியதுதான். எனக்கு அதில் பிடித்த கமிஷன் திரும்பி வருவதில்லை. அதனால் கூடியவரை வேறு சேலை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.