கெட்டமினா, சைலோசைபினா? மாத்திரைக்கு மசியாத டிப்ரஷனுக்கு எது?

டிப்ரஷனுக்கு இரண்டு வெவ்வேறு மாத்திரைகளைச் சரியான அளவில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் பலன் இல்லையென்றால், சிகிச்சைக்கு மசியாத டிப்ரஷன் என்கிறார்கள் டாக்டர்கள். அந்த நிலையில் இருப்பவரோ அவர் வீட்டு ஆட்களோ இணையத்தில் தேடினால் 'சைகடெலிக் சிகிச்சை' (மனநிலையையும் உணர்வையும் மாற்றும் மருந்துகளால் செய்வது) என்ற பெயரில் கெட்டமினும் சைலோசைபினும் ஒரே தட்டில் வந்து விழும். இரண்டும் ஒன்றல்ல. மூளையில் வேலை செய்யும் இடம் வேறு, நீடிக்கும் காலம் வேறு, கையில் இருக்கும் ஆதாரத்தின் தரமும் வேறு.

முதலில் கெட்டமின். 1970-லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து, நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களிலும் சர்வ சாதாரணமாகப் புழங்குவது. மூளை செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை இது அடைக்கிறது. டிப்ரஷனுக்குக் கொடுப்பது மயக்கும் அளவைவிடக் குறைவு: உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், சுமார் 40 நிமிடம் ரத்தக்குழாய் வழியாக. கையில் பி.பி. பட்டை கட்டியிருக்கும், ஏனென்றால் ரத்த அழுத்தம் ஏறும். உடம்பு மிதப்பது போலவும் தன்னைத் தானே தள்ளி நின்று பார்ப்பது போலவும் இருக்கும், சிலருக்குக் குமட்டும், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதன் பெரிய பலம் வேகம். சாதாரண மாத்திரை வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையை இது சிலருக்குச் சில மணி நேரத்தில் தொடங்கிவிடுகிறது. தற்கொலை எண்ணம் முற்றிய ஒருவருக்கு அந்த வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பலவீனம், நிற்காது. ஓர் ஊசியின் பலன் பல பேருக்கு ஒரு வாரம், பத்து நாளில் கரைந்துவிடும். அதனால்தான் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் (கெட்டமினின் ஒரு வடிவம்) மூக்கு ஸ்ப்ரேயை முதல் மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. அடிமையாகும் ஆபத்து உண்டு, அளவுக்கு மீறி நெடுநாள் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப்போவதும் உண்டு.

இனி சைலோசைபின். சில காளான்களில் இயற்கையாக இருப்பது. ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-ல் பிரித்தெடுத்தார். ஆய்வுகளில் கொடுப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாரித்த, அளந்த 25 மில்லிகிராம். விழுங்கிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் இசையோடு படுத்துவிட்டால் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். பக்கத்தில் பயிற்சி பெற்ற தெரப்பிஸ்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் தயார்ப்படுத்தும் பேச்சு, பின்னால் அனுபவத்தை அலசும் பேச்சு என்று தனித்தனி அமர்வுகள் வேறு. அந்த மணி நேரங்களில் அழுகை வரும், பயம் வரும், பழைய துக்கம் மேலே வரும்.

எண்களைப் பார்ப்போம். 2022-ல் 233 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்றாவது வாரத்தில் 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம், வெறும் 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் 18 சதவீதம். ஒரே ஒரு வேளை மருந்துக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் பன்னிரண்டாவது வாரத்தில் அந்த முன்னேற்றத்தைத் தக்கவைத்தவர்கள் சுமார் 20 சதவீதம். வழக்கமான டிப்ரஷன் மாத்திரையான எஸ்சிட்டலோபிராமோடு நேருக்கு நேர் மோதவிட்ட 2021 லண்டன் ஆய்வில், முக்கிய அளவுகோலில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. 2025-ல் வந்த பெரிய ஆய்வு முடிவில், டிப்ரஷனின் கடுமையை அளக்கும் 60 புள்ளி அளவுகோலில் போலி மருந்தைவிட 3.6 புள்ளி மட்டுமே அதிகம் குறைந்தது. ஒரே மருந்தில் வாழ்க்கை மாறிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசி நம்பிக்கையோடு காத்திருப்பவரிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல் இரண்டு மருந்துக்கும் பொது: தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்பது நோயாளிக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அசல் கிடைத்தவருக்கு நம்பிக்கை ஏறும், போலி கிடைத்தவர் மனமுடைவார், இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். பி.டி.எஸ்.டி.க்கான (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு மருந்துச் சிகிச்சையை 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிராகரிப்பதற்கு முன் எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று.

நடைமுறையில் தராசைச் சாய்ப்பது வேறொரு விஷயம். கெட்டமினுக்கு, சாப்பிடும் மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. சைலோசைபின் ஆய்வுகளில் சேர, எஸ்சிட்டலோபிராம் போன்ற செரட்டோனின் மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதுதான் வழக்கம். ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு அந்த இடைவெளியே ஆபத்து. அப்புறம் செலவு. 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் எழுதித் தரலாம், ஆனால் தெரப்பிஸ்டுகளின் நேரத்தையும் சேர்த்தால் நம் கணக்கில் பல லட்ச ரூபாய்.

ஆகவே இன்றைக்கு ஒருவர் என்னிடம் கேட்டால் கெட்டமின் என்றுதான் சொல்வேன். அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்பேன்: ஈ.சி.டி. (மூளைக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) பற்றி டாக்டரிடம் பேசினீர்களா? ஷாக் ட்ரீட்மென்ட் என்று சினிமா காட்டிய கொடுமைக்கும் இன்று மயக்கம் கொடுத்துச் செய்வதற்கும் சம்பந்தமே இல்லை. சுவீடனில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 186 பேரிடம் நடந்த ஆய்வில் ஈ.சி.டி.யில் 63 சதவீதமும் கெட்டமினில் 46 சதவீதமும் குணநிலையை எட்டினார்கள். 2023 அமெரிக்க ஆய்வில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் கெட்டமினில் 55 சதவீதம், ஈ.சி.டி.யில் 41 சதவீதம் என்று தலைகீழாக வந்தது, ஆனால் அங்கே அளந்தது முன்னேற்றத்தை, குணநிலையை அல்ல; சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, பெரும்பாலோர் வெளிநோயாளிகள். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு ஈ.சி.டி. பக்கம் எடை கூடுகிறது. நினைவு மங்கலாவதுதான் அதன் விலை.

கொடைக்கானல் காளானைத் தின்று தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று பறிப்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. குடும்பத்தில் ஸ்கிட்ஸோஃப்ரீனியாவோ பைபோலாரோ இருந்தால் ஆய்வுகளிலேயே பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிட்டவே போகக் கூடாது, இரண்டும் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.