‘3050 தானே கேட்டீங்க?’: பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு வந்ததில் போலிப் பொருள் ஒன்றுகூட இல்லை. பெயரும் நாங்கள் கேட்ட பெயர்தான். ஆனால் பேசியது ஒன்று, கேபினட்டுக்குள் இருந்தது வேறு.

என் தம்பி பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, இரண்டு 8 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) என்று பேசி முடித்தோம். விற்றவர் மொபைலுக்கு அனுப்பிய கொட்டேஷனில் கார்டுக்கு ‘8 ஜிபி’ என்று தெளிவாக இருந்தது. பிராசஸருக்கு வெறும் ‘ரைசன் 5’. “5600தான் போடுவேன், கவலையே படாதீங்க” என்று வாயால் சொன்னார். பில்லில் அந்த 8 ஜிபியும் காணாமல் போய், ‘ஆர்டிஎக்ஸ் 3050’ மட்டும் மிஞ்சியது.

கம்ப்யூட்டர் வந்தபோது உள்ளே இருக்கும் பாகங்களின் பெட்டிகள் ஒன்றுகூட வரவில்லை. “அதெல்லாம் வீட்டில் இடத்தை அடைக்கும்” என்றார். கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூ மேல் ஒரு ஸ்டிக்கர்: கிழித்தால் வாரண்டி கிடையாதாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டி இருந்தால் மாடல் தெரிந்துவிடும். கேபினட்டைத் திறந்தாலும் தெரிந்துவிடும். இரண்டு வழியையும் அடைத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

புதிய கேம்களில் டெக்ஸ்சர் தரத்தை (பொருள்களின் மேற்பரப்பு எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை) கூட்டினால் படம் திக்கித் திக்கி ஓடியது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய்ப் பார்த்தால், கார்டின் சொந்த மெமரி 6 ஜிபி என்று காட்டுகிறது. சரி, இனி ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கிழித்துத் திறந்தோம். கிராபிக்ஸ் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு கேபிள்கூடப் போகவில்லை. அதைச் செருக கார்டில் இடமே இல்லை.

விஷயம் இதுதான். 2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி மெமரி, 2560 கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 128 பிட் மெமரி பாதை (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் வழியின் அகலம்). 2024 பிப்ரவரியில் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது. அதில் கோர்கள் 2304, மெமரி பாதை 96 பிட். மெமரி வேகம் நொடிக்கு 224 ஜிபியிலிருந்து 168 ஜிபியாக இறங்குகிறது, அதாவது கால் பங்கு போச்சு. பெயரைக் கேட்டால் 2 ஜிபி மட்டும்தான் குறைவு என்று தோன்றும். அப்படியில்லை, சிப்பையே குறைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டுக்கு 70 வாட் போதும் என்பதால், பெரும்பாலானவற்றில் தனி பவர் கேபிளே தேவைப்படாது. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். முதலில் வந்த 8 ஜிபி கார்டுக்கோ 130 வாட் வேண்டும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இங்கேதான். முன்னே பின்னே கேள்விப்படாத பிராண்ட். மேலே பெரிய எழுத்தில் 550 வாட். லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் 20 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 240 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சக்தி எடுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வழியாகத்தான். 550 என்ற எண்ணை வைத்து நமக்கு ஒரு பயனும் இல்லை. பேசிய 8 ஜிபி கார்டை இதில் மாட்டி, பிராசஸரையும் சேர்த்து முழு வேகத்தில் ஓட்டினால் விளிம்பில்தான் நிற்கும், நடுவில் அணைந்திருக்கலாம். 70 வாட் கார்டு என்பதால் தாங்கியது. ஒன்றைக் குறைத்தது இன்னொன்றை மறைக்க உதவியிருக்கிறது என்பது என் முடிவு. எஸ்எம்பிஎஸ் கெட்டால் அதோடு நிற்காது, மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். பட்ஜெட் சிறியதாக இருந்தால் ஆர்ஜிபி விளக்கைக் குறையுங்கள், கேபினட்டைக் குறையுங்கள், இதில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். 80 பிளஸ் முத்திரை இருக்கிறது என்று சொன்னாலும், அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்றுதான். ஷார்ட் சர்க்யூட், ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ரேமும் இரண்டு 8 ஜிபி இல்லை, ஒரே 16 ஜிபி ஸ்டிக். டாஸ்க் மேனேஜரிலேயே எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று காட்டும். டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் அதன் வேகம் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு இருந்தால் அதன் இரட்டிப்பு. பிராசஸர் 5600 அல்ல, 5500. பெயரில் 100தான் வித்தியாசம், எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பிக்குப் பதில் 16. பல கேம்களில் அது நேராக ஃப்ரேம்களில், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதில் தெரியும்.

இந்த ‘ஒரே பெயர்’ வேலை 3050இல் மட்டும் இல்லை. ஜிடி 1030 என்ற கார்டில் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகைக்கு நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. ஆர்எக்ஸ் 580இல் 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, கோர் கணக்கில் அது அதைவிடக் கீழான ஆர்எக்ஸ் 570தான். பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். பத்து வருடத்துக்கும் மேல் பழைய சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, விண்டோஸிலேயே அதைவிடப் புதிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்ட வைத்து விற்கிறார்கள். டிவைஸ் மேனேஜரை நம்பாதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் பல போலி என்விடியா (ஆர்டிஎக்ஸ், ஜிடி கார்டுகளின் நிறுவனம்) கார்டுகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடுகிறது. விற்பவர் முன்னிலையிலேயே அதை ஓட்டிப் பாருங்கள்.

அசெம்பிள் செய்யக் கொடுக்கும்போது பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் கேளுங்கள். பெட்டிகளை வாங்கி வாருங்கள், பின்னாளில் வாரண்டிக்குப் போகும்போதும் அந்த எண்தான் பேசும். எழுதித் தர முகம் சுளிப்பவரிடம் பொருளே வாங்க வேண்டாம்.

விற்றவரிடம் போய்க் கேட்டபோது அவர் சொன்னது, “3050 தானே கேட்டீங்க, 3050 தானே போட்டிருக்கேன்?” கொட்டேஷனில் இருந்த 8 ஜிபியைக் காட்டினோம். நிறைய வாக்குவாதத்துக்கு அப்புறம் கார்டை மாற்றினார், அந்தக் கார்டுக்கு இது தாங்காது என்று லேபிளைக் காட்டி எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வைத்தோம். ரேமுக்குக் கையை விரித்துவிட்டார். பிராசஸருக்கு, “5500ம் ரைசன் 5தான்” என்கிறார். 5600 என்று அவர் எழுதித் தந்த காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை, அதனால் தம்பியின் கம்ப்யூட்டரில் இன்றுவரை 5500தான் ஓடுகிறது.