குருவும் சனியும் ஒட்டி நின்ற வாரம்: மாடியா, கோட்டையா, பாலாறா?

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். 2020 டிசம்பரில் குருவும் சனியும் ஒட்டி நின்றபோது, இந்த இரண்டில் எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று நானும் என் மகளும் சாயங்காலமானால் கிளம்பிவிடுவோம். போட்டியில் எங்கள் மொட்டை மாடியும் இருந்தது. பெரிய தொலைநோக்கி இருக்கும் காவலூரும் இருந்தது, பேச்சளவில்.

குரு சூரியனைச் சுற்ற 12 வருஷத்துக்குச் சற்றுக் குறைவு, சனிக்கு இருபத்தொன்பதரை. அதனால் 20 வருஷத்துக்கு ஒரு தடவை குரு ஓடிவந்து சனியைத் தாண்டும். அது பெரிய விஷயமில்லை. எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் விஷயம். டிசம்பர் 21 அன்று இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான், அதாவது முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. 1623க்குப் பிறகு இவ்வளவு நெருக்கம் இல்லை. நெருக்கமெல்லாம் நம் கண்ணுக்குத்தான். குரு 89 கோடி கிலோமீட்டர் தள்ளி, சனி 162 கோடி கிலோமீட்டர் தள்ளி.

ஒரே சிக்கல் நேரம். ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறையும், எட்டு மணிக்கெல்லாம் இவையும் இறங்கிவிடும். ஆறரைக்கு, நீட்டிய கையில் இரண்டு முஷ்டி உயரம். ஆகவே தேவை ஒன்றே ஒன்று: மேற்கில், கொஞ்சம் தெற்கே சாய்ந்து, அடிவானம் வரை மறைப்பு இருக்கக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து அது ஆம்பூர் இருக்கும் திசை.

மாடியில் முதல் நாளே தோற்றேன். சரியாக அந்தத் திசையில் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க். ஏழடி நகர்ந்தால் தென்னை மட்டை. அதற்கும் அந்தப் பக்கம், தெருவில் யாரோ கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார், உள்ளே நூறு வாட்ஸ் பல்பு. ஆனால் மாடியில் ஒரு லாபம்: ஆள் சேர்ந்தது. கீழ்வீட்டு மாமா தினசரி காலண்டரோடு மேலே வந்துவிட்டார்.

“சனி இன்னும் தனுசுலதான் இருக்கார் தம்பி. 27ஆம் தேதிதானே பெயர்ச்சி? ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்?”

கேள்வி நியாயமானது. வாக்கியப் பஞ்சாங்கப்படி குரு நவம்பர் 15ஆம் தேதியே மகரத்துக்குப் போயாச்சு, சனி டிசம்பர் 27இல்தான் போகிறது. அந்தக் கணக்கில் 21ஆம் தேதி இரண்டும் வேறு வேறு ராசி. திருக்கணிதப்படியோ சனி 2020 ஜனவரி 24இலேயே மகரம், குரு நவம்பர் 20இல், இரண்டும் உத்திராடத்தில். பழைய வாய்பாட்டையே பிடித்துக்கொண்டு வருவது வாக்கியம், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். அன்றைக்கு வானம் யார் பக்கம் என்று டேங்குக்கும் தென்னைக்கும் நடுவே தெரிந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். “கோயில்ல 27தான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கோட்டைக்குப் போனது 24ஆம் தேதி. முன்னால் இருக்கும் பூங்காவில் நின்றால் மேற்கே அகழி, அதன் மேல் கருங்கல் மதில், சுற்றிலும் விளக்கு. அதற்குள் குரு முன்னே போய், இடைவெளி நிலா அகலத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. உள்ளே 1846இல் கட்டிய தேவாலயம் இருப்பதால் பெத்லகேம் நட்சத்திரம் பற்றிப் பேச ஏற்ற இடம், அவ்வளவே. அந்த நட்சத்திரமே குரு, சனி சேர்க்கைதான் என்பார்கள் சிலர். கி.மு. 7இல் இதே இரண்டும் ஒரே வருஷத்தில் மூன்று முறை சேர்ந்தன. வானியலாளர் கெப்ளர் அந்தச் சேர்க்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். ஆனால் அப்போது ஏறக்குறைய ஒரு பாகை விலகி நின்றன. ஒற்றை நட்சத்திரமாகத் தெரிந்திருக்க வழியில்லை.

ஜெயித்தது பாலாறு. 21ஆம் தேதி விருதம்பட்டுப் பக்கம் பாலத்தில் நின்றோம். ஆறு ஆம்பூர்ப் பக்கமிருந்துதான் வருகிறது. அதனால் வேண்டிய திசையில் ஆற்றின் அகலத்துக்கு வானம் திறந்து கிடக்கிறது. கேலி செய்த ஊருக்கு நல்ல பதில். ஆனால் பாலத்தின் மேல் பைனாகுலர் உதவாது. லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர, குருவும் சனியும் உள்ளே குத்தாட்டம் போட்டன. கீழே மணலில் இறங்கி, முட்டியில் முழங்கையை ஊன்றிய பிறகுதான் நின்றன. குருவுக்குப் பக்கத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாக நிலாக்கள், சனி கொஞ்சம் நீண்ட மாதிரி. வளையம் தெரியவில்லை, அதற்குச் சின்ன டெலஸ்கோப்பாவது வேண்டும். போனில் எடுத்த படம் வெறும் வெள்ளைக் கறை.

வெறுங்கண்ணுக்கு? கல்யாணத்தில் காட்டும் வசிஷ்டர், அருந்ததி இடைவெளியில் பாதி. கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு ஒரே பொட்டு. ஒன்பது வயது மகள் பைனாகுலரைத் தள்ளிவிட்டு, “பெருசு ஒண்ணு, அதுக்கு மேல சின்னது ஒண்ணு” என்றாள். மண்டியிட்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

காவலூர் ஆசை பலருக்கு உண்டு. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. குருவின் நிலா கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை 1972இல் பதிவு செய்த இடம். மரியாதைக்குரியது. ஆனால் மலையின் இருட்டு மங்கலான பொருள்களைத் தேடுபவர்களுக்கு. குரு தெருவிளக்குக்கு நடுவிலும் தெரியும். இதற்காக அவ்வளவு தூரம் பெட்ரோல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த சேர்க்கை 2040இல், ஆனால் ஒரு பாகைக்கு மேல் விலகி. 2020 போன்ற நெருக்கம் 2080 மார்ச் 15இல்தான். அது விடியற்காலைக் காட்சி, கிழக்கே பார்க்க வேண்டும். மகளுக்கு அப்போது 69 ஆகியிருக்கும். பாலத்துக்கு ஆம்பூர்ப் பக்கம் இறங்காதே, ஆற்காடு இருக்கும் பக்கம் இறங்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.