ஆறு வருஷ சைக்கிளும் ஒரு கிறீச் சத்தமும்

போன வாரம் போடியிலிருந்து தோழி போன் செய்தாள். நான் ஓட்டுகிற அதே டூரிங் சைக்கிள், பாரம் கட்டி நெடுந்தூரம் போகிற வகை, இப்போது 5,000 ரூபாய் விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டாள். சைக்கிள் என்று யாராவது பேச்செடுத்தாலே அரை மணி நேரம் விடாமல் பேசுகிறவள் நான். அன்று மட்டும் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீல் ஃபிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு, வி பிரேக், 38 மில்லிமீட்டர் டயர், பின்பக்கம் கேரியர். இந்த விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் 2019 கடைசியில் வாங்கினேன். இதுவரை ஓடியது சுமார் 11,000 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஒரே வழிதான்: மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன், அங்கிருந்து பாம்பாடும் சோலைக்குள் நுழைந்து வட்டவடைப் பக்கம் கோவிலூர். போக 45 கிலோமீட்டர் வரும். இரவு அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் திரும்புவேன்.

இந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கோபம் புரியும். மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட் வரைக்கும் ஜீப்பும் டூரிஸ்ட் பஸ்ஸும்தான். அதனால் வார நாளில், விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். குண்டளை தாண்டினால் வண்டிகள் குறையும். எல்லப்பட்டி தாண்டினால் தேயிலைக்காட்டுக்கு நடுவே கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் மட்டும் வரும். 1924 வெள்ளத்தில் அழிந்துபோன குண்டளை ரயில் டாப் ஸ்டேஷன் வரை ஏறியது இந்த மலையில்தான். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. ரயில் ஏறிய மலை என்பதாலோ என்னவோ, நிதானமாக மிதித்தால் மூச்சு முட்டாமல் ஏறிவிடலாம். சோதனைச் சாவடியில் பெயரைச் சொல்லிவிட்டுப் பாம்பாடும் சோலைக்குள் நுழைந்தால் அது வேறு உலகம். கேரளத்திலேயே சின்ன தேசியப் பூங்கா அதுதான், 2003இல் அறிவித்தார்கள். ரோட்டுக்கு மேலே மரங்கள் கைகோத்து நிற்கும். பாசி சொட்டும். கருமந்தி ஒன்று குரல் கொடுத்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பஸ் ஒன்று கடந்து போய்விட்டால் அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வராது. நான் சைக்கிள் வாங்கியதே இந்தச் சில கிலோமீட்டர் அமைதிக்காகத்தான்.

இந்த அமைதியைத்தான் என் சைக்கிள் நாலு வருஷம் கெடுத்தது.

2021 மழைக்காலத்தில் ஆரம்பித்தது. காய்ந்த மூங்கில் இரண்டு ஒன்றோடொன்று உரசுவது போல ஒரு கிறீச். வலது கால் கீழே போகும்போதெல்லாம் ஒரு தடவை. மூணாறு டவுனுக்குள் அது கேட்கவே கேட்காது. ஆட்டோ, ஹாரன், பஸ் சத்தத்தில் அமுங்கிவிடும். எல்லப்பட்டி தாண்டியதும் அது மட்டும்தான் கேட்கும். கோவிலூரிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு சோலைக்கு ஏறுகிற செங்குத்தில் மிகச் சின்ன கியரில்தான் வருவேன். முன்னால் 26 பல், பின்னால் 34. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் முக்கால் சுற்றுதான் நகரும். நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். அப்படியென்றால் நிமிஷத்துக்கு அறுபது கிறீச். ஒரு மணி நேரம் ஏறினால் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் பல தடவை போட்டிருக்கிறேன்.

சமவெளியில் ஒரு பெரிய கடைக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பார்த்ததும் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழல்கிற பேரிங், போய்விட்டது என்றார்கள். மாற்றினார்கள். இரண்டு வாரம் சத்தம் இல்லை, மழை பெய்ததும் வந்துவிட்டது. மறுபடி போனேன். மறுபடி பாட்டம் பிராக்கெட், கூடவே பெடலும் செயினும். மறுபடி இரண்டு வாரம். மூன்றாவது தடவை பெடல் மாட்டுகிற கையும் முன் பல்சக்கரமும் சேர்ந்த கிராங்க் செட்டையே மாற்றச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினேன். மொத்தம் செலவழித்த பணத்தில் ஒரு சாதாரண சைக்கிள் வாங்கியிருக்கலாம். சைக்கிளை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஸ்டாண்டில் மாட்டிக் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போது சத்தம் இல்லையே என்றார்கள். உட்கார்ந்து மிதிக்க ஆளில்லாமல் சத்தம் எப்படி வரும்?

இந்த மார்ச்சில் மறையூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மூணாறிலிருந்து 40 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், மிதிக்கிற வேலை குறைவு. ஊருக்குள் கரும்புக்காட்டுப் பக்கம் சமதரை வந்ததும் கிறீச் ஆரம்பித்துவிட்டது. டயரும் பஞ்சர். ரோட்டோரத்தில் பஞ்சர் ஒட்டுகிற ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். ஒட்டி முடித்ததும் அவரே கேட்டார்.

“ஏம்மா, அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?”

“பாட்டம் பிராக்கெட்டுண்ணே. ரெண்டு தடவை மாத்தியாச்சு.”

“உக்காந்து மிதிச்சுக்கிட்டே அந்தப் புளியமரம் வரைக்கும் போ. வரும்போது சீட்டை விட்டு எந்திரிச்சு மிதிச்சுக்கிட்டு வா.”

போகும்போது கிறீச். எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தேன், சத்தமே இல்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவை கூட இதைச் செய்து பார்க்கவில்லை. பின்னால் பாரம் கட்டி ஏறும்போது எழுந்து நின்றால் வண்டி ஆடும், அதனால் எப்போதும் உட்கார்ந்தேதான் மிதிப்பேன்.

அப்படியென்றால் சத்தம் சீட் பக்கம்தான். அவர் சீட்டைத் தாங்குகிற குழாயை, சீட் போஸ்ட்டை, உருவினார். லேசில் வரவில்லை. சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருகித் திருகி எடுத்தார். அலுமினியக் குழாயில் ஃபிரேமுக்குள் போகிற அளவுக்குச் சாம்பல் நிறத்தில் மாவு அப்பியிருந்தது, அதற்குக் கீழே துருவின் பழுப்பு வளையம். விரலால் தொட்டால் நறநறவென்று மணல். பின்சக்கரம் வாரியடித்த மழைத்தண்ணீர் அந்தக் குழாயை இறுக்குகிற கிளாம்ப்பின் பிளவு வழியாக உள்ளே போய் வண்டலை விட்டிருக்கிறது. ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அந்தக் குழாயில் முதல் நாளே ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் இது வந்திருக்காது. பழைய துணியை உள்ளே விட்டுத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பச் சொருகினார். பஞ்சரோடு சேர்த்து 80 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கடையில் வேலை செய்தபோதெல்லாம் இரண்டு வாரம் சத்தம் நின்றது ஏன் என்பதும் அப்புறம்தான் புரிந்தது. ஸ்டாண்டில் மாட்ட சீட் போஸ்ட்டை மேலே இழுப்பார்கள், வேலை முடிந்ததும் இறக்குவார்கள். அந்த அசைவில் உள்ளே இருந்த மண் கொஞ்சம் விலகியிருக்கிறது. அவ்வளவுதான்.

மறையூரிலிருந்து வந்த அடுத்த வாரமே கோவிலூருக்குக் கிளம்பினேன். சோலைக்குள் நுழைந்ததும் முதலில் டயர் ஈரத் தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. அதற்கு அடியில் செயின். அதற்கும் அடியில், ரோட்டுக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் ஓடுவது. அந்த இடத்தில் ஓடை இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. சைக்கிளை நிறுத்தவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அதே நாளில் ஒரு வளைவைத் திரும்பியபோது இருபதடி தூரத்தில் காட்டுமாடு நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே நனைந்த கறுப்பு. அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது. நான் வந்தது அதற்குத் தெரியவில்லை. பழைய சத்தம் இருந்திருந்தால் எப்போதோ விலகிப் போயிருக்கும். ஒரு காலை ஊன்றி அசையாமல் நின்றேன். அது ஒருமுறை செருமிவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு வளைவிலும் மணி அடித்துக்கொண்டுதான் திரும்புகிறேன். மூணாறு பக்கம் யானையும் உண்டு என்பதால் யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

மற்றபடி சைக்கிளில் குறை சொல்ல அதிகமில்லை. மழையில் பிரேக் கட்டை சீக்கிரம் தேயும், ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபிரேம் கல் ரோட்டில் கூட முதுகை நோகடிக்காது. ஒரு சக்கரக் கம்பி கூட இதுவரை அறுந்ததில்லை. 15 கிலோ பாரத்தோடு இறக்கத்தில் நேராக, நிதானமாக நிற்கும். இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமான கியர் வேறு சைக்கிளில் நான் பார்த்ததில்லை.

சரி, தோழிக்கு என்ன சொல்வது? வாங்காதே என்றுதான் சொன்னேன். இத்தனை ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு விரல் கிரீஸ் தடவாமல் விற்கிறார்கள், கேட்டால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறார்கள். சோலையில் எனக்குப் போன நாலு வருஷத்தை 5,000 ரூபாய் தள்ளுபடி திருப்பித் தராது.

“அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடேன், பழைய விலைக்கு” என்றாள். முடியாது என்றேன். செவ்வாய்க்கிழமை கோவிலூர் போகிறேன்.